சஸ்பென்ஷன் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

காரின் பணிமனைக் கையேட்டில் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கமாக வண்டியோடு இணைக்கும் கை), ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) என்று சஸ்பென்ஷனின் ஒவ்வொரு போல்ட்டுக்கும் எதிரே, நியூட்டன் மீட்டர் என்ற அலகில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். வீட்டிலேயே வண்டி வேலை பார்க்கத் தொடங்குபவர்களில் பலர் அந்த எண்ணைக் கண்டுகொள்வதில்லை. கைக்கு இறுக்கமாகத் தெரிந்துவிட்டால் போதும் என்று ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுகிறார்கள். எஞ்சின் மூடியையோ கதவுக் கீலையோ அப்படி இறுக்கிச் சமாளித்துவிடலாம். சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் போல்ட்டுகளுக்கு அது போதாது. ஏன் போதாது என்பது புரிந்துவிட்டால், டார்க் ரென்ச்சை (குறித்து வைத்த முறுக்குவிசையை எட்டியதும் ‘சொடுக்’ என்று உணர்த்தும் ரென்ச்) எப்படிப் பிடிப்பது, எப்போது எண்ணெய் போடக் கூடாது, எந்த போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போது மட்டும் இறுக்க வேண்டும் என்பவையெல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் அந்த அலகைப் பார்ப்போம். அரை மீட்டர் நீளமுள்ள ஒரு ரென்ச்சின் முனையில், அதற்குச் செங்குத்தாக 200 நியூட்டன் விசை கொடுத்தால், போல்ட்டின் மேல் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை விழுகிறது. 200 நியூட்டன் என்பது ஏறத்தாழ 20 கிலோ எடையைத் தூக்குவதற்கான பலம். அதே 100 நியூட்டன் மீட்டரை 20 சென்டிமீட்டர் ரிங் ஸ்பேனரால் எட்ட வேண்டுமானால் 50 கிலோவுக்கு ஈடான பலத்தோடு இழுக்க வேண்டும். பெரும்பாலானவர்களால் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு அது முடியாது. ஆகவே குட்டை ஸ்பேனரால் வேலை செய்பவர் தம்மை அறியாமலேயே குறைவாக இறுக்குகிறார். இதற்கு நேர்மாறாக, கைப்பிடியில் இரும்புப் பைப்பைச் செருகி ஒரு மீட்டர் நீளமாக்கி, அதன் முனையில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி நின்றால், போல்ட் வாங்குவது 600 நியூட்டன் மீட்டருக்குச் சற்றே குறைவு. சிறிய கார்களின் சஸ்பென்ஷன் போல்ட்டுகள் பெரும்பாலும் ஏறத்தாழ 50 முதல் 150 வரையிலான எண்களையே கேட்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் பைப் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பது தெரியும்.

ஆனால் முறுக்குவிசை என்பது ஒரு வழி மட்டுமே. நமக்கு உண்மையில் தேவைப்படுவது வேறொன்று. போல்ட்டை இறுக்கும்போது அதன் தண்டு மிகச் சிறிதளவு நீள்கிறது. 80 மில்லிமீட்டர் நீளமுள்ள 12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றைச் சரியாக இறுக்கினால், அது நீள்வது ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான். நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்பே நடுவிலுள்ள பாகங்களை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கிறது. இந்தப் பிடிவிசைதான் இணைப்பைக் காப்பாற்றுகிறது. போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்தான், மிக விறைப்பான ஸ்பிரிங். குறைவாக இழுத்தால் பிடி இருக்காது. அளவுக்கு மீறி இழுத்தால், திரும்பி வராத அளவுக்கு நீண்டு, பிடிவிசையை இழந்து, ஒரு நாள் அறுந்துபோகும்.

சஸ்பென்ஷனில் இது எப்படி வேலை செய்கிறது என்பதை லோயர் ஆர்மின் உள்முனையில் பார்க்கலாம். சப்ஃபிரேமில், அதாவது வண்டியின் அடியில் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டத்தில், இரண்டு காதுகள் உள்ள ஒரு பிராக்கெட் இருக்கும். அவற்றுக்கு நடுவே ரப்பர் புஷ் உட்காரும். புஷ்ஷின் மையத்தில் ஓர் எஃகுக் குழாய் உண்டு. ரப்பர் அந்தக் குழாயோடும் வெளிவளையத்தோடும் ஒட்டியபடியே வார்க்கப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கும்போது இரண்டு காதுகளும் அந்த நடுக்குழாயின் முனைகளை அழுத்திப் பிடித்து அசையாமல் நிறுத்துகின்றன. அதன் பிறகு சக்கரம் ஏறி இறங்கும்போது திரும்புவது ரப்பர் மட்டுமே. போல்ட்டைச் சுற்றி எதுவும் சுழலக் கூடாது. புதிதாகப் பார்ப்பவர்களில் பலர் ஆர்ம் அந்த போல்ட்டையே அச்சாகக் கொண்டு சுழல்கிறது என்று எண்ணி, “ரொம்ப இறுக்கினால் ஆர்ம் அசையாது” என்று தளர்வாக விட்டுவிடுகிறார்கள். அது தவறான எண்ணம். தளர்வாக விட்டால் நடுக்குழாய் காதுகளுக்கு இடையே உரசும், துளை நீள்வட்டமாகத் தேயும், பிரேக் போடும்போதெல்லாம் ‘டக்’ என்று ஓர் ஓசை வரும்.

போல்ட் ஏன் கழல்கிறது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. வெறும் அதிர்வினால் கழல்கிறது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் வெளியிட்ட சோதனை முடிவுகள், இறுக்கப்பட்ட பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று பக்கவாட்டில் வழுக்கும்போதுதான் நட் மிக விரைவாகத் தானே கழல்கிறது என்பதைக் காட்டின. வழுக்காமல் தடுப்பது பிடிவிசையிலிருந்து பிறக்கும் உராய்வு. ஆகவே போதுமான பிடிவிசை இருக்கும் வரை வேகத்தடையில் வண்டி எத்தனை முறை குதித்தாலும் நட் அசைய வழியில்லை. பிடிவிசை குறைந்த இணைப்பில் ஸ்பிரிங் வாஷர் போட்டுத் தேற்றிக்கொள்வதில் பெரிய பயன் இல்லை.

இனி இந்த விஷயத்தின் கடினமான பகுதிக்கு வருவோம். நாம் கொடுக்கும் முறுக்குவிசை முழுவதும் போல்ட்டை நீட்டப் போவதில்லை. ஏறத்தாழ பாதி, நட்டின் அடிப்பரப்பு உராய்வதிலேயே செலவாகிறது. இன்னொரு 40 சதவீதம் மரைகளுக்கு இடையிலான உராய்வில் போய்விடுகிறது. மிஞ்சும் 10 சதவீதம்தான் பிடிவிசையாக மாறுகிறது. கையேட்டிலுள்ள எண் இந்த உராய்வுகளை முன்கூட்டியே கணக்கில் கொண்டு எழுதப்பட்டது. உராய்வு மாறினால் அந்த எண்ணுக்கும் பிடிவிசைக்கும் உள்ள உறவே மாறிவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 12 மில்லிமீட்டர் விட்டமும் சாதாரண மரையும் கொண்ட 8.8 தர போல்ட் ஒன்றை (இந்த எண்ணின் பொருளைப் பின்னால் பார்ப்போம்), சுத்தமான உலர்ந்த மரையோடு 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குவதாக வைத்துக்கொள்வோம். பொறியியலில் வழக்கமாகப் பயன்படும் 0.2 என்ற முறுக்குக் குணகத்தை (உராய்வுகளையெல்லாம் சேர்த்துக் குறிக்கும் ‘நட் ஃபேக்டர்’) கொண்டு கணக்கிட்டால், பிடிவிசை ஏறத்தாழ 42,000 நியூட்டன். அதாவது நான்கு டன்னுக்கும் சற்று மேல். அதே போல்ட்டின் மரையில் எண்ணெய் தடவி, குணகம் 0.15 ஆகக் குறைந்தது என்றால், ரென்ச் அதே 100-ஐக் காட்டும்போது பிடிவிசை 55,000 நியூட்டனைத் தாண்டிவிடுகிறது. அந்த போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 54,000. ரென்ச் சரியாகச் ‘சொடுக்’ என்றது, கையேட்டின் எண் எட்டப்பட்டது, ஆனாலும் போல்ட் கெட்டுவிட்டது. அதனால்தான் கையேடு வெளிப்படையாகச் சொல்லியிருந்தாலொழிய மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது.

துரு இதற்கு நேர் எதிர்த் திசையில் ஏமாற்றும். சென்னையில் திருவான்மியூர், பெசன்ட் நகர், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் நிற்கும் வண்டிகளின் அடிப்பகுதி, உள்ளே தள்ளியிருக்கும் பகுதிகளின் வண்டிகளைவிட விரைவாகத் துருப்பிடிக்கிறது. மழைக்காலத்தில் தெருவில் தேங்கிய நீரில் நின்ற வண்டியானால் மரைகளுக்குள் சேறும் சேர்ந்திருக்கும். அத்தகைய மரையில் நட் பாதி வழியிலேயே கனமாகத் திரும்பும். டார்க் ரென்ச் உரிய எண்ணில் சொடுக்கிவிடும். ஆனால் அந்த விசையில் பெரும்பகுதி துருவை அரைப்பதிலேயே தீர்ந்து, இணைப்பில் தேவையான பிடி விழுந்திருக்காது. ஆகவே இறுக்கத் தொடங்குவதற்கு முன், போல்ட்டின் மரையை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, நட்டை விரலாலேயே கடைசிவரை திருகிப் பார்க்க வேண்டும். விரலால் திரும்பாத நட், நைலான் வளையமுள்ள நட்டாக இல்லாவிட்டால், ரென்ச்சுக்குத் தகுதியற்றது. கழற்றும்போது தெளித்த துருநீக்கி ஸ்பிரேயும் ஒரு வகை எண்ணெய்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. இறுக்குவதற்கு முன் அதைப் பிரேக் கிளீனர் கொண்டு போக்கிவிட வேண்டும்.

துரு மரையைத் தின்றிருந்தால் துடைத்துப் பயனில்லை, புது போல்ட்தான் வழி. போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அறுந்துபோகும் அழுத்தம் மெகாபாஸ்கலில் கிடைக்கும். புள்ளிக்குப் பின்னுள்ள எண், அதில் எத்தனை பத்தில் ஒரு பங்கை எட்டும்போது நிரந்தர நீட்சி தொடங்கும் என்பதைக் காட்டும். 8.8 என்றால் 800-உம் 640-உம், 10.9 என்றால் 1000-உம் 900-உம். பழைய போல்ட்டில் 10.9 என்றிருந்தால் அதற்கு மாற்றாக 8.8 போடவே கூடாது. மரையின் இடைவெளியும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் போல்ட்டில் 1.25, 1.5, 1.75 என்று மூன்று வகை மரைகளும் சந்தையில் கிடைக்கின்றன. சென்னைக்காரர்களுக்கு இதில் குறையில்லை. தரமான வாகன போல்ட்டுகளைத் தயாரிக்கும் சுந்தரம் ஃபாசனர்ஸ் பாடியிலேயே இருக்கிறது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் வண்டியின் மாடலைச் சொல்லிக் கேட்டால் உரிய போல்ட் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய ஆர்மும் நக்கிளும் (சக்கர மையத்தைத் தாங்கும் பாகம்) வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை, நன்றாகப் பார்த்து வாங்கினால் நல்ல பொருள் கிடைக்கும். ஆனால் அவற்றோடு வரும் பழைய போல்ட்டைப் பயன்படுத்தாதீர்கள். அதை இதற்கு முன் யார், எவ்வளவு இறுக்கினார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நைலான் வளையமுள்ள நட்டுகளையும் ஒருமுறை கழற்றினால் மாற்றிவிட வேண்டும்.

கருவியைப் பொறுத்தவரை, தொடங்குபவருக்குச் சொடுக்கு வகை டார்க் ரென்ச்சே போதும். அரை அங்குலச் சதுர முனையும், ஏறத்தாழ 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரையிலான அளவும் உள்ள ஒன்று சஸ்பென்ஷன் வேலை பெரும்பாலானவற்றுக்கும் சக்கர நட்டுகளுக்கும் உதவும். அளவின் அடிமட்டத்தில் இந்தக் கருவிகளை நம்புவது கடினம். உச்ச அளவின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெட்டி இழுக்காமல், ஒரே சீராக இழுக்க வேண்டும். முதல் சொடுக்கு கேட்டதும் நிறுத்த வேண்டும். மனநிறைவுக்காக இரண்டாவது முறை, மூன்றாவது முறை சொடுக்க வைப்பது ஒவ்வொரு முறையும் சிறிதளவு கூடுதலாக இறுக்குகிறது. வேலை முடிந்தபின் அளவைக் குறைந்தபட்ச எண்ணுக்குத் திருப்பி வைத்தால் உள்ளேயுள்ள ஸ்பிரிங் தளராது. இதைக் கொண்டு போல்ட்டைக் கழற்றுவது தவறு. அதற்கு நீண்ட கைப்பிடியுள்ள சாதாரண சாக்கெட் ரென்ச் இருக்கிறது. டார்க் ரென்ச்சுக்கான ஐ.எஸ்.ஓ 6789 தரம் இவ்வகைக் கருவிகளில் 4 சதவீதம் வரை கூடுதல் குறைவை அனுமதிக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையோ 5,000 முறை பயன்படுத்திய பின்னோ அளவுத்திருத்தம் செய்யச் சொல்கிறது. வீட்டு உபயோகத்தில் 5,000 எட்டாது. ஆனாலும் கீழே விழுந்த ரென்ச்சைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைப் பகுதிகளில் இதைச் செய்து சான்றிதழ் கொடுக்கும் ஆய்வகங்கள் உள்ளன.

சாக்கெட்டுக்கும் ரென்ச்சுக்கும் நடுவே நேரான எக்ஸ்டென்ஷன் போடுவதால் எண் மாறுவதில்லை. பக்கவாட்டில் நீளும் அடாப்டரை ரென்ச்சின் நேர்க்கோட்டில் மாட்டினால் மாறும், ஏனெனில் நெம்பும் நீளம் கூடிவிடுகிறது. அதே அடாப்டரை ரென்ச்சுக்குச் செங்குத்தாக மாட்டினால் கணக்கில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

வண்டியைத் தூக்குவதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் ஸ்டில்ட் பார்க்கிங் தரை சமமான கான்கிரீட்டாக இருந்தால் நல்லது. மழைநீர் வடிவதற்காகச் சரிவு கொடுக்கப்பட்ட இடத்தை விட்டு விலகுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, தரையிலேயே நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஜாக்கால் தூக்கி, உடனே ஆக்சில் ஸ்டாண்டின் மேல் வண்டியை இறக்க வேண்டும். வெறும் ஜாக்கின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டக் கூடாது. இறுகிய போல்ட்டைக் கழற்றப் பலம் கொடுக்கும்போது வண்டி அசையத்தான் செய்யும்.

இப்போது, சஸ்பென்ஷன் வேலையில் மிக அதிகமாக மீறப்படும் விதிக்கு வருகிறேன். வண்டியைத் தூக்கியவுடன் சக்கரம் கீழ்நோக்கித் தொங்குகிறது. அதோடு லோயர் ஆர்மும் கீழே சாய்கிறது. அந்த நிலையில் புஷ் போல்ட்டை முழு அளவுக்கு இறுக்கினால், நடுக்குழாய் அந்தச் சாய்ந்த நிலையிலேயே பிராக்கெட்டோடு பூட்டப்பட்டுவிடும். பிறகு வண்டியைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலே எழும்புகிறது, ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. பிழிந்த ஈரத்துணியை உதறாமல் முறுக்கோடே விட்டுவைத்ததைப் போல, வண்டி சும்மா நிற்கும்போதும் ரப்பர் அந்த இழுவையிலேயே கிடக்கிறது. அதன் மேல் பள்ளங்களும் வேகத்தடைகளும் சேரும்போது, பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய புஷ் மிக விரைவில் கிழிந்துவிடும். புது புஷ் தரமில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன், அது எந்த நிலையில் இறுக்கப்பட்டது என்று கேட்பது நியாயம்.

இதைத் தவிர்ப்பது எளிது. வேலையைத் தொடங்கும் முன், வண்டி தரையில் நிற்கும்போதே, சக்கர மையத்திலிருந்து அதற்கு நேர் மேலேயுள்ள ஃபெண்டர் விளிம்பு வரையிலான தூரத்தை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். தூக்கிய நிலையில் எல்லா போல்ட்டையும் மாட்டி, நட்டுகளைப் பாகங்கள் ஒட்டும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். பிறகு வண்டியின் முன்பகுதியைச் சரிவுப்பலகை மேல் ஏற்றி, முழு எடையும் சக்கரங்களின் மேல் இருக்கும்போது, புஷ் போல்ட்டுகளைக் கையேட்டின் அளவுக்கு இறுக்குங்கள். சரிவுப்பலகை இல்லாதவர்கள், ஸ்டாண்டின் மேல் வண்டி இருக்கும்போதே, லோயர் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் மரக்கட்டையோடு இன்னொரு ஜாக்கை வைத்து, முன்பு அளந்த தூரம் வரும் வரை ஆர்மை மெல்ல உயர்த்தலாம். அப்போது ஸ்டாண்டிலிருந்து பாடி எழும்பத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு, சரிவுப்பலகைக்கு ஏற்பாடு செய்வதுதான் பாதுகாப்பு. பின்சக்கரங்களை இணைக்கும் பீமின் புஷ்ஷுக்கும் இதே விதி பொருந்தும்; ரப்பர் புஷ் இல்லாத பால் ஜாயிண்ட் (ஆர்மையும் நக்கிளையும் சேர்க்கும் உருண்டை மூட்டு), ஸ்ட்ரட் போல்ட்டுகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் சேர்க்கும் போல்ட்டுகளில் பலவற்றுக்குத் தலைக்கு அடியில் பற்கள் இருக்கும். தலையை ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். தலையைத் திருப்பினால் பற்கள் துளையைச் சிதைக்கும். இந்த இணைப்பைத் தொட்டாலே சக்கரத்தின் சாய்வு சற்று மாறிவிடுவதால், பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவே உள்ள பெரிய நட்டை, ஸ்பிரிங்கை அதற்குரிய கம்பிரஸரால் அழுத்திப் பிடிக்காமல் ஒருபோதும் கழற்றாதீர்கள். அதன் கீழே அடைபட்டிருக்கும் விசை உயிருக்கே ஆபத்தானது. அந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது. கூம்பு வடிவத் தண்டுள்ள பால் ஜாயிண்ட்டில், கூம்பும் அது உட்காரும் குழியும் எண்ணெய்ப்பசையின்றி உலர்ந்திருக்க வேண்டும். பிளவுள்ள நட்டாக இருந்தால், உரிய எண்ணுக்கு இறுக்கியபின் பிளவும் துளையும் நேர்ப்படாவிட்டால் நட்டை அடுத்த பிளவுக்கு முன்னோக்கித் திருப்பியே காட்டர் பின்னை (நட் திரும்பாமல் தடுக்கும் வளைகம்பி) செருக வேண்டும், பின்னோக்கித் தளர்த்தக் கூடாது.

சில கையேடுகளில் ஓர் எண்ணோடு 90 பாகை என்பது போன்ற கோணமும் இருக்கும். முதலில் அந்த எண்ணுக்கு இறுக்கி, பிறகு அந்தக் கோணம் மட்டும் திருப்ப வேண்டும் என்பது அதன் பொருள். உராய்வு எப்படியிருந்தாலும் போல்ட் குறிப்பிட்ட அளவு நீள வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இவ்வாறு இறுக்கப்படும் போல்ட்டுகள் பலவற்றை மறுமுறை பயன்படுத்தக் கூடாது.

எல்லாவற்றையும் இறுக்கியபின், நட்டிலிருந்து போல்ட்டின் முனை வழியாகப் பிராக்கெட் வரை வெள்ளைப் பெயின்ட் மார்க்கரால் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பின் மீண்டும் சோதியுங்கள். அப்போதே குனிந்து சஸ்பென்ஷன் கோடுகளையும் பாருங்கள். ரென்ச்சால் மறுபடி சொடுக்கிப் பார்ப்பதைவிட இந்தக் கோடு நம்பகமானது. ஓய்வில் இருக்கும் நட்டை அசைக்கக் கூடுதல் விசை தேவைப்படுவதால், பிடிவிசை குறைந்திருந்தாலும் ரென்ச் உரிய எண்ணில் சொடுக்கிவிடக்கூடும். கோடு நேராக இருந்தால் வேலை முடிந்தது. விலகியிருந்தால், இருக்கும் நிலையிலேயே இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் போகாமல், முழுவதும் கழற்றி, மரையையும் நடுக்குழாயின் முனைகளையும் பிராக்கெட்டின் துளையையும் பார்த்து, புது நட்டோடு, வண்டி தரையில் நிற்கும் நிலையில் மறுபடி இறுக்க வேண்டும்.